கொலைப்பழி பரவாயில்லை, பிஸ்கட் பழி கூடாது

இந்த இதழின் சிறப்புப் பகுதிக்குப் 'பத்தியமும் படுகொலையும்' என்று பெயர் வைத்தபோது ஆசிரியர் குழுவிலேயே சிலர் முகம் சுளித்தார்கள். துப்பறியும் கதை எழுதுகிறவர்களுக்கான இதழில் சுரைக்காய் ஜூஸுக்கு என்ன வேலை என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். உடம்பைக் குறைக்கக் கிளம்பியவரைப் போல நமக்குத் தோதான ஆள் வேறு கிடையாது என்பதே பதில். அவரிடம் ஒரு ரகசியம் இருக்கிறது. அதை மறைக்கத் தினமும் ஒரு பொய் சொல்கிறார். அந்தப் பொய்யைத் தன் கையாலேயே தேதி போட்டு நோட்டில் எழுதியும் வைக்கிறார். குற்றவாளி, சாட்சி, துப்பறிகிறவர் மூவரும் ஒரே சட்டைக்குள் இருக்கிறார்கள். அதுவும் பொத்தான் போட முடியாத சட்டை.

ஒரு கதைக்கருவை எடுத்துக்கொள்வோம். இடம் ஐதராபாத்தின் தார்நாகா. லாலாகுடா ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தமிழர் ஒருவர். சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது. டாக்டர் கண்டித்துவிட்டார், மனைவி எண்ணெய்த் தூக்கைப் பூட்டி வைத்துவிட்டார். காலை ஆறு மணிக்கு உஸ்மானியா பல்கலைக்கழக வளாகத்தில் நடந்துவிட்டு வருகிறேன் என்று தினமும் கிளம்புகிறார். ஒருநாள் ஆறரை மணிக்கு அவர் குடியிருக்கும் அடுக்ககத்தில் சங்கச் செயலாளரை யாரோ மாடிப்படியிலிருந்து தள்ளிக் கொன்றுவிடுகிறார்கள். வண்டி நிறுத்தும் இடத்துக்காக முந்தைய நாள்தான் இருவருக்கும் கைகலப்பு. இன்ஸ்பெக்டர் வருகிறார்.

"ஆறரை மணிக்கு எங்க சார் இருந்தீங்க?"

"வாக்கிங் போயிருந்தார் சார்," என்று மனைவி முந்திக்கொள்கிறார். "தினம் நாலு கிலோமீட்டர். மழை பெஞ்சாலும் விடமாட்டார்."

இன்ஸ்பெக்டர் அவருடைய செல்போனை வாங்கி, நடையை எண்ணும் செயலியைத் திறக்கிறார். அன்று காலை மொத்தமே 600 அடிதான் நடந்திருக்கிறார்.

அவர் உண்மையில் இருந்தது தெருமுனை இரானி ஹோட்டலில். சாயாவில் உஸ்மானியா பிஸ்கட்டை நனைத்துத் தின்றுகொண்டிருந்தார். கல்லாவில் இருப்பவரும் மேஜை துடைக்கும் பையனும் சாட்சி. வாயைத் திறந்தால் அடுத்த நிமிடமே விடுதலை. ஆனால் மனைவி பக்கத்திலேயே நிற்கிறார். கொலைப்பழியைச் சுமந்தாலும் சுமப்பாரே தவிர, பிஸ்கட் பழியைச் சுமக்க அவருக்குத் தெம்பில்லை. கை பழகியவரிடம் கொடுத்தால் இது ஒன்றே இருநூறு பக்கம் ஓடும்.

நம் தொழிலில் சந்தேகத்துக்கு ஆளானவர் வாய் திறக்காமல் இருப்பதற்குக் காரணம் கண்டுபிடிப்பதுதான் பெரும்பாடு. கள்ளக்காதல், பழைய திருட்டு, தம்பியைக் காப்பாற்றும் தியாகம் என்று இருக்கிற நாலைந்தையே மாற்றி மாற்றிப் போட்டு வருகிறோம். பத்தியக்காரரின் மௌனத்துக்குக் காரணம் மிகச் சிறியது, அதற்கு அவர் கொடுக்கத் தயாராக இருக்கும் விலையோ மிகப் பெரியது. இந்த ஏற்றத்தாழ்வில் சிரிப்பு தானாக வந்துவிடுகிறது. வாசகரும் அதை நம்புகிறார். அவர் வீட்டு ஃப்ரிட்ஜிலும் யாரோ கத்தியால் வழித்து வழித்துச் சமன்செய்த ஐஸ்கிரீம் டப்பா இருக்கும்.

இந்தக் கருப்பொருளில் வரும் கைப்பிரதிகள் பலவும் வழுக்கி விழுவது ஒரே இடத்தில். நாயகர் உட்கார்ந்தால் நாற்காலி உடைகிறது, லிஃப்ட் முனகுகிறது, ஆட்டோக்காரர் இரட்டைக் கட்டணம் கேட்கிறார். நம் சினிமா அரை நூற்றாண்டாகச் சக்கையாகப் பிழிந்த நகைச்சுவை இது. மனிதரைப் புண்படுத்துகிறது என்பது ஒருபுறம் இருக்க, கதைத்தொழில் கணக்கிலும் இது நஷ்டம். உடம்பின் அளவு தெருவில் போகிற எல்லோருக்கும் தெரிகிறது. எல்லோருக்கும் தெரிகிற ஒன்று துப்பாக முடியாது. பருமனை விட்டுவிட்டுச் சாக்கைப் பிடியுங்கள். 'நாளையிலிருந்து', 'இது பண்டிகைக் கணக்கு', 'பாதிதான் சாப்பிட்டேன்' என்கிற சாக்குகளுக்குப் பின்னால்தான் நமக்கு வேண்டிய ஆள் ஒளிந்திருக்கிறார்.

முன்னோடிகளுக்குக் குறைவில்லை. 1940களில் ஆனந்த விகடனில் தேவன் உலவவிட்ட வங்கிக் குமாஸ்தா சாம்பு, மூளையால் அன்றித் தடுமாற்றத்தால் வழக்கை முடித்தவர். பத்தியத்தில் இருப்பவர் தடுமாறுவதற்குத் தனியாகக் காரணம் தேட வேண்டியதில்லை, பசி போதும். ரெக்ஸ் ஸ்டவுட் 1934இல் அறிமுகப்படுத்திய நீரோ வுல்ஃப், ஒரு டன்னில் ஏழில் ஒரு பங்கு எடை, சாப்பாட்டு மேஜையில் வழக்கைப் பற்றிப் பேசக்கூடாது என்ற கட்டளை, சொந்தமாக ஒரு சமையற்காரர் என்று வாழ்ந்தவர். 1950இல் வந்த 'இன் த பெஸ்ட் ஃபேமிலீஸ்' நாவலில் அவர் தலைமறைவாகி, 117 பவுண்டு, அதாவது 53 கிலோ குறைந்து திரும்புகிறார். எத்தனையோ துப்பறிவாளர்கள் ஒட்டுத்தாடி வைத்தார்கள். எடையைக் குறைப்பதையே மாறுவேடமாக்கியவர் இவர்.

அலெக்சாண்டர் மெக்கால் ஸ்மித்தின் போட்ஸ்வானா துப்பறிவாளர் ரமோட்ஸ்வே அம்மையார் தன் உடல்வாகை மரபு வழி வந்த உடற்கட்டு என்று பெருமையாகவே சொல்லிக்கொள்பவர். 2006இல் வந்த 'ப்ளூ ஷூஸ் அண்ட் ஹேப்பினஸ்' நாவலில் அவரையும் டயட் ஆசை பிடித்து ஆட்டுகிறது. டார்க்வின் ஹால் 2009இல் டில்லியில் உலவவிட்ட விஷ் பூரி, மனைவிக்குத் தெரியாமல் எண்ணெய்ப் பலகாரம் தின்னும் கலையில் தேர்ந்தவர். அமெரிக்காவில் கேத்ரின் லில்லி 2007இல் எழுதிய 'டையிங் டு பி தின்' எடைக்குறைப்பு மருத்துவமனைகளுக்குப் பேர்போன டர்ஹம் நகரில் நடக்கிறது. அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் 1939 வாக்கில் வால்டர் கெம்ப்னர் என்ற மருத்துவர் ரத்த அழுத்தத்துக்கும் சிறுநீரக நோய்க்கும் தொடங்கிய வைத்தியம் பிற்பாடு எடை குறைக்கவும் பயன்பட்டது. அது என்ன வைத்தியம் தெரியுமா? உப்பில்லாத வெள்ளைச் சோறு, பழம், சர்க்கரை. இங்கே டாக்டர் முதலில் நிறுத்தச் சொல்வதை அங்கே டாக்டர் மூன்று வேளையும் தின்னச் சொல்லியிருக்கிறார். இந்த முரண் ஒன்றை வைத்தே ஒரு தமிழ் நாவல் எழுதலாம்.

தார்நாகாவைக் களமாகச் சொன்னதற்குப் பிரியாணியும் சாயாவும் மட்டும் காரணமல்ல. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் இங்கேதான் இருக்கிறது. அதன் பூர்வீகம் நம் பக்கம். 1918இல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தின் ஓர் அறையில், ராபர்ட் மெக்கேரிசன் பெரிபெரி நோயைத் துப்பறியத் தொடங்கிய சிறு ஆய்வகம் அது. 1958இல் ஐதராபாத்துக்கு வந்தது. 1969இல் இன்றைய பெயரைப் பெற்றது. மெக்கேரிசன் இந்தியாவின் வட்டாரச் சாப்பாடுகளை எலிக் கூட்டங்களுக்குத் தனித்தனியாகக் கொடுத்துப் பார்த்தார். சீக்கியர் சாப்பாட்டில் வளர்ந்த எலிகள் முதலிடம். நம் மதராஸ் சாப்பாட்டில் வளர்ந்தவை கடைசி இடம்.

இந்த நிறுவனம் தீர்த்து வைத்த வழக்குகளை நம் ஆட்கள் பாடமாகவே படிக்க வேண்டும். 1974இல் மேற்கு இந்தியாவில் மக்காச்சோளத்தை நம்பி வாழ்ந்த பழங்குடிக் கிராமங்களில் காமாலையும் வயிற்று வீக்கமுமாக மக்கள் மடிந்தார்கள். தொற்று நோய் என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். ஆனால் அந்த வீடுகளில் மிச்சச் சோற்றைத் தின்ற நாய்களுக்கும் அதே நோய் கண்டிருந்தது. சந்தேகம் சாப்பாட்டின் மேல் திரும்பியது. மழையில் நனைந்து பூஞ்சை பிடித்த சோளத்தின் அஃப்ளாடாக்சின் நச்சு பிடிபட்டது. நூறு பேருக்கு மேல் இறந்த அந்தத் துயரத்தில் நகைச்சுவைக்கு இடமில்லை. துப்பு எப்படி வேலை செய்கிறது என்பதற்கு மட்டும் அதைச் சொல்கிறேன். யார் யார் ஒரே தட்டில் தின்றார்கள் என்ற கேள்விதான் வழக்கை உடைத்தது. நகைச்சுவை நாவலிலும் அதே கேள்வியைக் கேட்கலாம், விஷத்துக்குப் பதில் மைசூர்பாகை வைத்து.

விசாரணை முறையையும் இவர்களிடமே கற்கலாம். 1972இல் தொடங்கிய தேசிய ஊட்டச்சத்துக் கண்காணிப்புப் பணியகத்தின் கணக்கெடுப்பாளர்கள், கடந்த 24 மணி நேரத்தில் என்ன சாப்பிட்டீர்கள் என்று வீடு வீடாகக் கேட்டவர்கள். 'கொஞ்சம்', 'ஒரு கை' என்ற பதில்களை அவர்கள் எழுதிக்கொண்டதில்லை. அளவு குறித்த கிண்ணங்களையும் கரண்டிகளையும் எதிரே பரப்பி வைத்து, உலையில் எவ்வளவு அரிசி போட்டீர்கள், வெந்த பிறகு மொத்தம் எத்தனை கிண்ணம், அதில் இவருக்கு விழுந்தது எத்தனை என்று வரிசையாகக் கேட்டார்கள். மொத்தத்துக்கும் பங்குகளுக்கும் கணக்கு உதைத்தால் எங்கோ ஒரு கிண்ணம் காணாமல் போயிருக்கிறது என்று அர்த்தம். பூட்டிய அறைக் கொலையைக் காட்டிலும் அழகான புதிர் இது: பூட்டிய சமையலறை, காணாமல் போன ஒரு கிண்ணம் சாம்பார் சாதம்.

மனிதர்கள் எவ்வளவு தூரம் பொய் சொல்வார்கள்? என்ன செய்தாலும் எடை குறையவில்லை என்று சொன்ன ஒரு சிறு குழுவை 1992இல் அமெரிக்க ஆய்வாளர்கள், ஐசோடோப்பு கலந்த நீரைக் குடிக்க வைத்து அளந்தார்கள். உடல் எவ்வளவு ஆற்றலைச் செலவிடுகிறது என்பதைச் சிறுநீரைக் கொண்டு கணக்கிடும் முறை அது. தின்றதில் ஏறக்குறைய பாதியை, 47 சதவீதத்தை, அவர்கள் கணக்கில் காட்டவில்லை. உடற்பயிற்சியை 51 சதவீதம் கூட்டிச் சொல்லியிருந்தார்கள். அதற்காக அவர்களை மோசக்காரர்கள் என்று தள்ளிவிட முடியாது. எழுதியதை அவர்கள் உண்மை என்றே நம்பியிருக்கக்கூடும். நாவலாசிரியருக்கு இது பெரிய வரம். சொல்லும் கதாபாத்திரமே நம்பும் பொய்யைக் கட்டுவது நம் தொழிலில் ஆகக் கடினமான வித்தை. பத்தியக்காரரின் நோட்டில் அது ரெடிமேடாகக் கிடைக்கிறது.

வாசகரிடம் நாம் காட்ட வேண்டிய நேர்மை என்று ஒன்று உண்டு. ரொனால்ட் நாக்ஸ் என்ற பாதிரியார் 1929இல் துப்பறியும் கதைக்கு வகுத்த பத்துக் கட்டளைகளில், யாருக்கும் தெரியாத விஷத்தைக் கடைசியில் கொண்டுவரக் கூடாது என்பதும் ஒன்று. நம் கதைகளுக்கும் அதை நீட்டிப்போம். மூன்று நாளில் பத்துக் கிலோ குறைக்கும் மூலிகைச் சாறு துப்பாகவும் வரக்கூடாது, தீர்வாகவும் வரக்கூடாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024 மே மாதம் வெளியிட்ட உணவு வழிகாட்டி நூலை மேஜையில் வைத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் டீ, காபி வேண்டாம், அவற்றின் டானின் இரும்புச்சத்தை உடலில் சேரவிடாது என்கிறது அது. தமிழ்வாணனின் துப்பறிவாளர் சங்கர்லால் குடித்த தேநீரையெல்லாம் நினைத்தால் அவருக்கு ரத்தப் பரிசோதனை எடுக்கத் தோன்றுகிறது. ஒரு சோகை, ஒரு டம்ளர், ஒரு கடிகாரம்: துப்புக்கு இவ்வளவு போதும்.

காலம் மாறியிருப்பதையும் கவனியுங்கள். 2025இல் மௌன்ஜாரோ, வீகோவி என்ற எடைக்குறைப்பு ஊசிகள் இந்தியச் சந்தைக்கு வந்துவிட்டன. நேற்றுவரை ஒருவர் மெலிந்தால் மனவுறுதி என்றோ நோய் என்றோதான் ஊர் பேசியது. இன்று ஃப்ரிட்ஜில் தயிருக்குப் பின்னால் ஒளித்த ஊசிப் பேனா மூன்றாவது காரணம். நடையால்தான் குறைந்தேன் என்று பூங்காவில் உபதேசம் செய்பவரின் வீட்டில் மின்வெட்டு வந்தால் அவர் ஏன் ஐஸ்கட்டிக்கு ஓடுகிறார்? வீகோவியில் இருக்கும் செமாக்ளுடைடு மருந்தில் போலி புழங்குவதாக உலக சுகாதார நிறுவனம் 2024இலேயே எச்சரித்திருக்கிறது. கொலைக்குக் காரணம், கருவி இரண்டும் அதில் இருக்கின்றன.

ஒரு எச்சரிக்கை. பட்டினி கிடப்பதும், தின்றதை வாந்தியெடுப்பதும் நோயாகிவிடும் நிலை உண்டு. அது நகைச்சுவைக்கு உரியதல்ல. உங்கள் பாத்திரம் சாக்குச் சொல்கிறாரா, நோயில் இருக்கிறாரா என்று முதல் அத்தியாயத்துக்கு முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். அதேபோல சொந்தப் போராட்டத்திலிருந்து எழுதுகிறவர்கள் தங்களைத் தாங்களே திட்டிக்கொள்ளும் தொனியை விட்டுவிடலாம். குற்ற உணர்ச்சி பக்கத்தை நிரப்பும், கதையை நகர்த்தாது. நீங்கள் ஒளித்த இடம், சொன்ன பொய், பிடிபட்ட விதம், இந்த மூன்றையும் அப்படியே எடுத்துக்கொண்டு மற்றதைக் கற்பனைக்கு விடுங்கள்.

அடுத்த இதழுக்கு வரும் கதைகளுக்கு ஒரு நிபந்தனை உண்டு. கடைசிப் பக்கத்தில் கொலையாளி பிடிபட்டிருக்க வேண்டும். துப்பறிந்தவர் மெலிந்திருக்கக் கூடாது. எடை குறைந்து எல்லாம் சுபமாக முடியும் கதை விளம்பரக்காரர்களின் சொத்து. நம் ஆளுக்கு இன்னும் ஐந்து கிலோ பாக்கி இருக்கட்டும். பாக்கி இருந்தால்தான் இரண்டாம் பாகம் எழுத முடியும்.