அஸ்வெசும எடுக்கிற குடும்பத்துக்கு வீட்டுக்கூலி கொடுக்கக் கூடாதா?

கொஞ்சம் நீளமான பதிவு. ஸகாத் கொடுப்பவர்களும், அதைப் பிரிக்கிற வேலையில் இருப்பவர்களும், வீடு கூலிக்குக் கொடுத்திருப்பவர்களும் கடைசிவரை வாசித்தால் நல்லது.

போன நோன்பில் எங்கள் மஹல்லாவின் ஸகாத் பட்டியலைச் சரிபார்க்க உட்கார்ந்தோம். ஒரு பெயருக்குப் பக்கத்தில் யாரோ சிவப்புப் பேனையால் எழுதியிருந்தார்: "அஸ்வெசும கிடைக்குது, வலது குறைந்தோர் காசும் கிடைக்குது." அந்தப் பெயரை வெட்டினோம். இரண்டு நிமிடம்கூட எடுக்கவில்லை. வெட்டியது வேறு யாருமில்லை, நாங்கள்தான்.

அந்தக் குடும்பத்துப் பிள்ளை எங்கள் பாடசாலையில் ஆறாம் தரம் படிக்கிறாள். வாப்பா ஓட்டோ ஓடியவர். சீனி வருத்தத்தில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். உம்மா இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கிறார். நோன்பு முடிந்து சில மாதங்களில் பிள்ளை இரண்டு கிழமை தொடர்ந்து வரவில்லை. தேடிப் போனோம். வீடு பூட்டிக் கிடந்தது. பக்கத்து வீட்டில் விசாரித்தால், வீட்டுக்காரரின் மகளுக்கு நிகாஹ் முடிவாகிவிட்டதாம், ஒரு மாதத் தவணையில் எழும்பச் சொல்லிவிட்டார்களாம். கடைசியில் உறவுக்காரர் ஒருவரின் குசினி விறாந்தையில்தான் அவர்களைக் கண்டோம். நாலு பேர், ஒரு கட்டில், ஒரு சக்கர நாற்காலி. பிள்ளையின் புத்தகங்கள் அரிசிச் சாக்குக்குள் இருந்தன.

ஏன் பள்ளியில் வந்து கேட்கவில்லை என்று கேட்டோம். அந்த உம்மா கோபப்படவில்லை. "கேட்டன் சேர். அரசாங்கம் தருகுதே எண்டாங்க. அஸ்வெசும காசு வாற அண்டைக்கே ஊட்டுக்காரர்ட கைக்குப் போயிடும். நாங்க அத எண்ணிப் பாக்கிறது பேங்குல மட்டுந்தான்."

அன்றிரவு கணக்குப் பார்த்தோம். பட்டியலை வெட்டுவதற்கு முன் பார்த்திருக்க வேண்டிய கணக்கு.

அஸ்வெசுமவில் அவர்கள் 'வறிய' பிரிவு. மாதம் 10,000 ரூபாய். அதற்கு மேலதிகமாக வாப்பாவின் வலது குறைந்தோர் கொடுப்பனவு 10,000. மொத்தம் 20,000. கேட்கும்போது பெரிய காசு மாதிரித்தான் இருக்கிறது, எங்களுக்கும் அப்படித்தான் இருந்தது. வீட்டுக்கூலி 13,000. கரண்டும் தண்ணீரும் 2,500. கிளினிக்குக்கு மாதம் இரண்டு தடவை ஓட்டோ பிடிக்க வேண்டும். பிறகு கையில் நிற்பது மூவாயிரம் சொச்சம். சாப்பாடு, மருந்து, பிள்ளையின் கொப்பி எல்லாம் அதற்குள்ளும் இடியப்பக் காசுக்குள்ளும்.

இன்னொன்றும் கவனித்தோம். அஸ்வெசும 2023 யூலையில் தொடங்கியபோது வலது குறைந்தோர் கொடுப்பனவு 5,000. பிறகு 7,500, 2025 இல் 10,000. இதே குடும்பம் 2023 இல் கொடுத்த கூலி 8,000. இப்போது 13,000. அரசாங்கம் கூட்டிக்கொடுத்த ஐயாயிரமும் அப்படியே கூலிக்குள் போய்விட்டது. அந்த மனிதரின் காலுக்கென்று வந்த காசில் அவருக்கென்று ஒரு சதமும் மிஞ்சவில்லை.

புது வீட்டுக்கு ஆறு மாத முற்பணம் கேட்கிறார்கள். 78,000. அடகு வைக்க இருந்த நகை கால் எடுத்த நேரத்திலேயே போய்விட்டது.

"அதுக்கு அரசாங்கத்தில் வீட்டு உதவி இருக்குத்தானே" என்று சிலர் சொல்வார்கள். இருக்கிறது. ஆனால் அது வீடு கட்டுகிறவருக்கு, அரைகுறை வீட்டை முடிக்கிறவருக்கு. வீடமைப்பு அதிகார சபையாக இருந்தாலும் சமூக சேவைப் பிரிவாக இருந்தாலும் முதலில் கேட்பது காணி உறுதியைத்தான். காணியே இல்லாதவர் எந்தக் கதவைத் தட்டுவது? இப்படிப்பட்ட குடும்பத்துக்கு மாதக் கூலிக்கு உதவுகிற திட்டம் ஒன்றும் எங்களுக்குத் தெரியவில்லை. அஸ்வெசுமவுக்கு ஆள் தெரியும்போது வீட்டு நிலைமையையும் ஒரு குறிகாட்டியாகப் பார்க்கிறார்கள்தான், ஆனால் அது எந்தப் பிரிவில் போடுவது என்று தீர்மானிக்கத்தான். கொழும்பில் 13,000க்கு அறை கிடைப்பதே கஷ்டம், உள்ளூரில் வீடு கிடைக்கும், கொடுப்பனவு இரண்டு இடத்திலும் ஒன்றுதான். (வீட்டுத்திட்டம் என்று பேச்செடுத்தால் நுரைச்சோலையில் வருடக்கணக்காகப் பூட்டிக் கிடந்த 500 வீடுகள் எல்லோருக்கும் ஞாபகம் வரும். அந்தக் கதையை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்வோம்.)

கிழக்கில் நம் ஊர்களில் கூலிக்கு இருப்பதற்கு இன்னொரு கனமும் இருக்கிறது. பெண்பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் கலியாணம் முடிக்கிறோம். அதனால் கூலி வீட்டில் இருக்கிற பெண்ணைப் பார்த்தவுடன் "இவவுக்கு உம்மா வாப்பா ஒண்டும் குடுக்கலயா" என்ற கேள்விதான் வருகிறது. இந்த உம்மாவின் தாய் வீடு கடற்கரையில் இருந்தது. 2004 சுனாமியில் போனது. பிறகு கிடைத்த திட்ட வீட்டை மூத்த ராத்தாவுக்குச் சீதனமாகக் கொடுத்தாகிவிட்டது. இளையவளுக்கு வர வீடில்லை. கூலிக்குக் கிடைக்கிற வீடுகளும் பெரும்பாலும் யாரோ ஒரு மகளுக்கென்று கட்டி வைத்த வீடுகள். மகள் வளரும்வரைதான் குடியிருக்கலாம். ஒரு பிள்ளையின் நிகாஹ் இன்னொரு பிள்ளையின் படிப்பைக் குழப்புகிறது, யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை.

ஆசிரியர்களாக நாங்கள் காண்கிற ஒரு விடயம் உண்டு. பலர் கூலிக்குக் கொடுக்கிறார்கள், எழுதிக் கொடுக்க மாட்டார்கள். வாக்காளர் இடாப்பில் அந்த முகவரியில் பதியவும் விட மாட்டார்கள். பதிந்தால் பிறகு எழும்ப மாட்டார்கள் என்று பயம். ஆனால் முதலாம் தரத்துக்குப் பிள்ளையைச் சேர்க்க வரும்போது வதிவிடத்துக்குத்தான் புள்ளி. உறுதி வைத்திருப்பவருக்கு ஒரு புள்ளி, பதிந்த குத்தகை வைத்திருப்பவருக்கு அதைவிடக் குறைவு, வாய்ப்பேச்சில் இருப்பவருக்குக் காட்ட ஒன்றுமே இல்லை. ஊரில் பதினைந்து வருடம் கூலிக்கு இருந்தும், அந்த ஊர் ஆள் என்று நிரூபிக்க முடியாமல் கந்தோரில் அழுத உம்மாவை நாங்கள் பார்த்திருக்கிறோம். ஜீஎஸ் பிரிவு மாறினால் அஸ்வெசும விபரத்தையும் மாற்ற அலைய வேண்டும். அதற்குப் பயந்தே பழைய முகவரியை வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறார்கள்.

இனி மார்க்கத்துக்கு வருவோம், ஏனென்றால் பெயரை வெட்டும்போது நாங்கள் மார்க்கத்தைத்தான் சாட்டாகச் சொன்னோம். "வருமானம் இருக்கிறவருக்கு ஸகாத் எப்படி?"

ஸகாத்துக்குரிய எட்டுக் கூட்டம் சூரா தவ்பாவின் 60வது ஆயத்தில் இருக்கிறது. அதில் ஃபகீரையும் மிஸ்கீனையும் தனித்தனியாகச் சொல்லியிருக்கிறது. நாம் பின்பற்றுகிற ஷாஃபிஈ மத்ஹபில் மிஸ்கீன் என்பவர் ஒன்றுமே இல்லாதவர் அல்ல. ஏதோ இருக்கிறது, தேவைக்குப் போதவில்லை, அவர்தான் மிஸ்கீன். இதற்கு இமாம்கள் காட்டுகிற ஆதாரம் சூரா கஹ்ஃபில் வருகிற தோணிக்காரர்கள். கடலில் உழைக்கிறார்கள், தோணி அவர்களுடையது, அப்படியிருந்தும் அல்லாஹ் அவர்களை மிஸ்கீன்கள் என்கிறான். தோணி வைத்திருப்பவர் மிஸ்கீனாக முடியுமென்றால் அஸ்வெசும அட்டை வைத்திருப்பவர் ஏன் முடியாது? கூலி பாக்கி ஏறிக் கடனாளியாகிவிட்டால் ஃகாரிமீன் என்ற இன்னொரு கூட்டத்திலும் வருவார். அரசாங்கக் கொடுப்பனவை வைத்துப் பெயரை வெட்டச் சொல்லி எந்தக் கிதாபும் எங்களுக்குச் சொல்லவில்லை. வேலை சுகமாக முடிய வேண்டும் என்று நாங்களே போட்டுக்கொண்ட சட்டம் அது.

நம்பிக்கையாளர் சபையில் உள்ள ஒரு பெரியவர், நாங்கள் மதிக்கிறவர், சொன்னார்: "கூலி குடுக்கிறது ஓட்டக் குடத்துல தண்ணி ஊத்துற மாதிரி. வருசா வருசம் அதே ஆள் வருவார். தையல் மெஷின் குடுத்தா பொழச்சுப் போவார்." அவர் சொல்வதில் பாதி சரி. தையல் மெஷினால் நிமிர்ந்த குடும்பங்களை எங்களுக்கும் தெரியும். ஆனால் வருடத்துக்கு ஒரு தடவை வீடு மாறுகிறவரிடம் தைக்கக் கொடுக்க யார் தேடி வருவார்? இந்த உம்மா ஒவ்வொரு தடவை மாறும்போதும் இடியப்பக் கடைகளை இழந்திருக்கிறார், புது இடத்தில் பூச்சியத்திலிருந்து தொடங்கியிருக்கிறார். வெட்டிய கால் இனி முளைக்கப் போவதுமில்லை. அவர் அடுத்த வருடமும் வருவார், அதற்கடுத்த வருடமும் வருவார். வரட்டும்.

பொய் சொல்லி எடுக்கிறவர்களும் இருக்கிறார்கள் என்பதை மறுக்கவில்லை. காணி மனைவி பெயரில் கிடக்க, கூலிக்காரன் என்று வந்தவரை நாங்களே பிடித்திருக்கிறோம். அதற்கு மருந்து வீட்டுக்குப் போய்ப் பார்ப்பதுதான். சிவப்புப் பேனை அதைக் கண்டுபிடிக்காது.

நாங்கள் யோசித்திருப்பது பெரிய திட்டம் ஒன்றுமில்லை. ஸகாத் நிதியில் ஒரு பங்கை வீட்டுக்கூலிக்கென்று ஒதுக்குவது. வலது குறைந்தவர் இருக்கிற வீட்டுக்கும், உழைக்க ஆளில்லாத விதவை வீட்டுக்கும் முதலிடம். எல்லோருக்கும் கொடுக்கக் காசு காணாது. இரண்டு குடும்பத்தோடு தொடங்கலாம். ஸகாத்தை மாதாமாதம் இழுத்துப் பிடித்துக் கொடுப்பது சரியா என்ற கேள்வி வரும். அதனால் அந்தக் குடும்பத்தின் சம்மதத்தோடு ஒரு வருடக் கூலியை வீட்டுக்காரரிடம் ஒரேயடியாகக் கட்டிவிடுவது. மொத்தமாகத் தந்தால் 11,000க்கு விடுகிறேன் என்று ஒருவர் ஏற்கெனவே சொல்லியிருக்கிறார். வருடத்துக்கு 132,000. முற்பணம் என்ற பேச்சே இல்லை. பதிலுக்கு நாங்கள் கேட்பது, மூன்று வருடத்துக்கு எழுத்தில் ஒரு உடன்படிக்கை, இடாப்பில் பெயர் பதிய அனுமதி.

கூலியோடு இன்னொரு செலவும் உண்டு. அந்த வாப்பாவால் குந்தி இருக்க முடியாது. இதுவரை இருந்த எந்த வீட்டிலும் கொமோட் இல்லை. அடி உடைந்த பிளாஸ்டிக் கதிரையை வைத்துச் சமாளித்திருக்கிறார். கொமோட்டும், சுவரில் ஒரு பிடிகம்பியும், வாசலில் சக்கர நாற்காலி ஏறச் சின்னச் சாய்வும் போட்டுக்கொடுத்தால் வீட்டுக்காரருக்கும் நட்டமில்லை. அந்த மனிதர் தன் மகளைக் கூப்பிடாமல் மலசலகூடம் போவார்.

ஒரு வேண்டுகோள். காசோலை கொடுக்கிற படம் எடுத்துப் போடுவதை இந்த விடயத்தில் செய்ய மாட்டோம். ஆறாம் தரப் பிள்ளையின் கூட்டாளிகளிடமும் போன் இருக்கிறது.

வருகிற ஞாயிறு இஷாவுக்குப் பிறகு பள்ளி மேல்மாடியில் கூடுகிறோம். வெட்டிய பெயரைத் திரும்ப எழுதுவதுதான் முதல் வேலை. உங்களிடம் பூட்டிக் கிடக்கிற வீடு இருந்தால், படி ஏறத் தேவையில்லாத வீடாக இருந்தால் இன்னும் நல்லது, எங்களில் யாரிடமாவது சொல்லுங்கள். குடும்பம் யாரென்று கீழே கேட்க வேண்டாம், சொல்ல மாட்டோம்.