பால்வாடிக்கு இன்னொரு டீச்சர் வேண்டும்

தருமபுரி மாவட்டத்துச் சித்தேரி மலையிலும் வத்தல்மலையிலும் ஒரு குறு அங்கன்வாடி எந்த லட்சணத்தில் நடக்க முடியும் என்பதை விதிப்புத்தகமே சொல்லிவிடுகிறது. மலை, பழங்குடிப் பகுதிகளில் 150 முதல் 300 பேர் வரை வாழும் ஊருக்கு ஒரு குறு மையம். அதற்கு ஒரே ஒரு பணியாளர். ஆயா கிடையாது. காலையில் கதவைத் திறந்து பெருக்குவதும், தண்ணீர் பிடித்து வைப்பதும், பிள்ளைகளை வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டு வருவதும், அரிசி பருப்பை அளந்து உலை வைப்பதும், முட்டை வேகவைத்து உரிப்பதும், ஊட்டிவிட்டுக் கைகழுவி விடுவதும், பாத்திரம் துலக்குவதும் அந்த ஒருவர்தான். இந்த வேலைகளுக்கு நடுவே, அதே பெண்தான் மூன்று வயதுப் பிள்ளைக்குக் கதை சொல்லி, பாட்டுப் பாடி, வண்ணம் காட்டி, எண்ணப் பழக்கவும் வேண்டும்.

அவர் அடுப்படியில் நிற்கும் நேரத்தில் பிள்ளைகள் யார் கண்பார்வையில் இருக்கிறார்கள்? 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகளைக் கொன்ற தீ, பள்ளியின் சத்துணவு சமைத்த கூரைக் கொட்டகையிலிருந்துதான் கிளம்பியது. சமையலும் பிள்ளைகளும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் இடத்தில் ஒற்றை ஆளை விட்டுவைப்பது எவ்வளவு பெரிய ஆபத்து என்பதை அந்த ஊர்த் தாய்மார்களிடம் கேட்டுத்தான் அரசு தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை.

தரைப்பகுதி ஊர்களில் நிலைமை சற்றுப் பரவாயில்லை. அங்கே டீச்சரம்மாவும் ஆயாம்மாவும் இருப்பதாகக் கணக்கு. ஆனால் அந்தக் கணக்கிலும் ஓட்டை. 2025-இல் தமிழக அரசு நிரப்பப்போவதாக அறிவித்த அங்கன்வாடிக் காலியிடங்கள் மட்டும் 7,783. ஓர் ஊரில் டீச்சர் ஓய்வு பெற்றுப் போனால் பக்கத்து ஊர் டீச்சருக்குக் ‘கூடுதல் பொறுப்பு’ என்று ஒரு தாள் வரும். அதன் பிறகு இரண்டு ஊர்ப் பிள்ளைகளுக்கும் அரை டீச்சர்தான்.

சொல்லித்தர என்ன இருக்கிறது என்ற குறை இங்கே இல்லை. தமிழ்நாட்டின் ‘ஆடிப்பாடி விளையாடு பாப்பா’ மாதத்துக்கு ஒரு தலைப்பு எடுத்துக்கொண்டு, அதைச் சுற்றியே பாட்டும் கதையும் விளையாட்டும் கைவேலையும் அமைத்துக் கொடுக்கிறது. ஒன்றிய அரசு 2024 மார்ச்சில் கொண்டுவந்த ‘ஆதார்ஷிலா’ பாடத்திட்டம் ஆண்டை 48 வாரங்களாகப் பகுத்து, வாரத்தில் ஐந்து நாள் செயல்பாடு, ஒரு நாள் திரும்பப் பார்த்தல் என்று ஒழுங்கு செய்திருக்கிறது. மூன்று வயதில் பிள்ளை கையைப் பழக்க வேண்டும், நாவைப் பழக்க வேண்டும், மற்ற பிள்ளைகளோடு சேர்ந்து இருக்கப் பழக வேண்டும் என்ற தெளிவு இரண்டிலும் இருக்கிறது. எழுத்தைத் திணிக்கும் அவசரம் இல்லை. பொறுப்போடு எழுதப்பட்ட பாடத்திட்டங்கள் இவை.

இதற்கான பொருளும் நம் மாவட்டத்தில் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. புளியங்கொட்டையை வைத்துப் பத்து வரை எண்ணலாம். கேழ்வரகு, சாமை, அவரை மூன்றையும் கலந்து கொடுத்து வகை பிரிக்கச் சொன்னால் விரலும் கண்ணும் ஒருசேர வேலை செய்யும். மாங்கொட்டையில் முகம் வரையலாம். ஏரிக்கரைக் களிமண்ணில் மாடு செய்யலாம். திங்களன்று கேட்ட கதையை வெள்ளியன்று பிள்ளை தன் வாயால் திரும்பச் சொன்னால், அந்த வாரம் வீண்போகவில்லை. ஆனால் இது எதற்கும் பக்கத்தில் உட்கார ஓர் ஆள் வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரமாவது, எழுந்து போகாமல்.

அந்த இரண்டு மணி நேரத்தைத்தான் டீச்சரிடமிருந்து பிடுங்கிவிட்டார்கள். 1975 அக்டோபர் 2-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் இணை உணவு, முன்பருவக் கல்வி, தடுப்பூசி, மருத்துவப் பரிசோதனை, மேல்சிகிச்சைப் பரிந்துரை, ஊட்டச்சத்துக் கல்வி என ஆறு சேவைகளை ஒரே பெண்ணின் தலையில் வைத்தது. பின்னால் வந்த ஒவ்வோர் அரசும் அந்தச் சுமையைக் கூட்டியதே தவிர இறக்கவில்லை. 2021-இல் ‘போஷன் டிராக்கர்’ செயலி வந்தது. வருகை, எடை, உயரம், கொடுத்த உணவு எல்லாவற்றையும் செல்போனில் ஏற்ற வேண்டும். 2025 ஜூலை முதல், வீட்டுக்குக் கொடுக்கும் சத்துமாவுக்குத் தாயின் முகத்தைப் படம்பிடித்து ஒப்பிட வேண்டும். சிக்னல் எட்டாத மலையூர்களில் அதற்காக மேடு தேடி அலைய வேண்டும். அதே ஆண்டு நவம்பரில் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது, தமிழகம் முழுக்க வாக்குச்சாவடி நிலை அலுவலர்களாகப் படிவத்தைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கியவர்களில் அங்கன்வாடிப் பணியாளர்கள் ஏராளம்.

இவ்வளவுக்கும் பிறகு எது விடுபடும்? சோறு விடுபட்டால் பிள்ளை அழும், ஊர் கேட்கும். பதிவேடு விடுபட்டால் அலுவலகம் கேட்கும். கதை விடுபட்டால் கேட்க ஆள் இல்லை. அதனால் முதலில் பறிபோவது கதைதான்.

இதனால் யாருக்கு நஷ்டம் என்பதைத் தருமபுரிக்காரர்கள் நேராகப் பார்க்க வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு குறைந்த மாவட்டம் நம்முடையது: 68.54 விழுக்காடு. ஆறு வயதுக்குட்பட்டோரில் ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 913 பெண் குழந்தைகள். மாநிலச் சராசரி 943. பெண் சிசுக்களைக் காப்பாற்ற 1992-இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம், 2001-இல் விரிவுபடுத்தப்பட்ட மாவட்டங்களில் தருமபுரியும் ஒன்று. 2014 நவம்பரில் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சில நாட்களுக்குள் அடுத்தடுத்துப் பச்சிளங்குழந்தைகள் இறந்தபோது, அவர்களில் பலர் எடை குறைவாகப் பிறந்தவர்கள் என்பதும், இளவயதுக் கல்யாணமும் தாய்மாரின் ரத்தசோகையும் அதற்குப் பின்னால் இருப்பதும் ஊரெல்லாம் பேசப்பட்டது. அந்தத் தாயை, அவள் கர்ப்பமான சில வாரங்களிலேயே அறிந்து பதிவுசெய்ய வேண்டிய முதல் ஆட்களில் ஒருவர் ஊர் அங்கன்வாடி டீச்சர். அவருக்கு வீடு தேடிப் போக நேரம் இருக்கிறதா என்பது உயிர் சம்பந்தப்பட்ட கேள்வி.

இன்னொன்றும் இருக்கிறது. பென்னாகரம், ஏரியூர், அரூர்ப் பக்கத்து ஊர்களில் அப்பா அம்மா இருவருமே பெங்களூருக்கோ திருப்பூருக்கோ வேலைக்குப் போய்விட, பிள்ளை பாட்டியிடம் வளர்வது சகஜம். பாட்டிக்கு ஆட்டையும் மாட்டையும் பார்க்க வேண்டியிருக்கிறது. பிள்ளையிடம் நாள் முழுக்கப் பேச்சுக் கொடுக்கும் பெரியவர் பால்வாடியில் இல்லையென்றால் வேறெங்கும் இல்லை. வசதி உள்ளவர்கள் மூன்று வயதுப் பிள்ளையை மஞ்சள் வேனில் ஏற்றி நகரத்து நர்சரிக்கு அனுப்பிவிடுகிறார்கள். தனியார் பிளே ஸ்கூல்களுக்கு என்று தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் வகுத்த வழிகாட்டுதல், 20 குழந்தைகளுக்கு ஓர் ஆசிரியரும் ஒரு பராமரிப்பாளரும் வேண்டும் என்கிறது. காசு வாங்கும் இடத்தில் கேட்கப்படும் இந்த அளவை, ஏழைப் பிள்ளை இருக்கும் இடத்தில் அரசு தனக்குத்தானே விதித்துக்கொண்டால் என்ன?

தீர்வு ஊகத்தில் சொல்லப்படுவதல்ல. நம் மாநிலத்திலேயே சோதித்துப் பார்த்தாகிவிட்டது. பொருளியல் அறிஞர்கள் கார்த்திக் முரளிதரன், அலெஹாந்த்ரோ கானிமியான், கிறிஸ்டோபர் வால்டர்ஸ் மூவரும் தமிழக அரசோடு சேர்ந்து நான்கு மாவட்டங்களில் 640 அங்கன்வாடிகளை எடுத்துக்கொண்டார்கள். பாதி மையங்களுக்கு, முன்பருவக் கல்விக்கு மட்டும் அரைநாள் வேலையாகக் கூடுதலாக ஒருவர் கொடுக்கப்பட்டார். மீதிப் பாதி பழையபடியே நடந்தது. ஒன்றரை ஆண்டு கழித்துப் பார்த்தால், ஆள் கூடிய மையங்களில் சொல்லித்தரும் நேரம் இரட்டிப்பாகியிருந்தது. பிள்ளைகள் கணக்கிலும் மொழியிலும் முன்னேறியிருந்தார்கள். இதில் மனத்தில் நிறுத்த வேண்டிய செய்தி வேறு: அந்த மையங்களில் கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாடும், வயதுக்கேற்ற உயரமில்லாத நிலையும்கூடக் குறைந்தன. புதியவர் பாடம் பார்த்துக்கொண்டதால், பழைய டீச்சருக்கு எடை பார்க்கவும் தாய்மாரிடம் பேசவும் நேரம் கிடைத்தது. பாடம், சோறு இரண்டுக்கும் போட்டி என்று இவ்வளவு காலம் நினைத்தது தவறு. இரண்டும் ஒரே ஆளின் நேரத்தைத்தான் பங்கு போட்டுக்கொண்டிருந்தன. செலவைவிடப் பலன் பதின்மடங்குக்கும் மேல் என்று அவர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். இந்த ஆய்வு 2024-இல் ‘ஜர்னல் ஆஃப் பொலிடிகல் எகானமி’ இதழில் வெளிவந்தது. தமிழ்ப் பிள்ளைகளை வைத்து உலகம் கற்றுக்கொண்ட பாடம், தமிழ்ப் பிள்ளைகளுக்கு இன்னும் வந்துசேரவில்லை என்பது மனத்தை அறுக்கிறது.

அரசு இதைக் கொள்கையளவில் ஏற்காமலும் இல்லை. 2019 ஜனவரியில் நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருக்கும் 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கியது. 2022-இல் அதைக் கைவிடப் பார்த்து, பெற்றோரின் எதிர்ப்புக்குப் பிறகு தனி ஆசிரியர்களை வைத்துத் தொடர்ந்தது. ஆனால் மாநிலத்தில் உள்ள அங்கன்வாடிகள் 54,439. நூற்றுக்கு ஐந்துகூட இல்லை. நடுநிலைப் பள்ளியே இல்லாத மலைச் சிற்றூர் இந்தக் கணக்கில் எப்போதும் வராது.

ஆகவே தருமபுரி மாவட்டத்தை முதல் மாவட்டமாக எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு முதன்மை அங்கன்வாடிக்கும் முன்பருவக் கல்விக்கென அரைநாள் ஆசிரியை ஒருவரை அரசு நியமிக்க வேண்டும். அந்தந்த ஊரில் பிளஸ் டூ முடித்துவிட்டு வேலையில்லாமல் இருக்கும் பெண்களையே எடுக்கலாம். மலையூர்களில் மலையாளிப் பழங்குடிப் பெண்களை எடுத்தால் பிள்ளைக்குப் பழகிய பேச்சிலேயே பாடம் தொடங்கும். நிதி வரட்டும் என்று காத்திருக்கவும் தேவையில்லை. கிரானைட் குவாரிகளிலிருந்து வரும் மாவட்டக் கனிம நிதியைப் பெண்கள், குழந்தைகள் நலனுக்கும் செலவிடலாம் என்று அதன் விதியே சொல்வதால், சித்தேரி, வத்தல்மலை, பென்னாகரம் மலையூர்களில் அதைக் கொண்டு உடனே தொடங்க முடியுமா என்று மாவட்ட ஆட்சியர் பரிசீலிக்க வேண்டும். குறு மையங்களுக்கு ஆயா போடுவதைத் தள்ளிப்போடக் கூடாது. அவற்றை உதவியாளரோடு கூடிய முழு மையங்களாக உயர்த்த ஒன்றிய அரசின் ‘போஷன் 2.0’ வழிகாட்டுதல் வழி திறந்துவிட்டிருக்கிறது. காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை எந்த அலுவலகமும் டீச்சரைக் கூட்டத்துக்கோ, தேர்தல் வேலைக்கோ, செயலிக்கோ கூப்பிடக் கூடாது என்று ஒரு சுற்றறிக்கை போட ஆட்சியருக்கு ஒரு பைசா செலவில்லை.

சாப்பாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2017-இல் ஒன்றிய அரசு நிர்ணயித்த கணக்குப்படி ஒரு பிள்ளையின் ஒரு நாள் உணவுக்கு 8 ரூபாய். 2013-இல் வந்த உணவுப் பாதுகாப்புச் சட்டமோ 500 கலோரியும் 12 முதல் 15 கிராம் புரதமும் அந்தப் பிள்ளையின் உரிமை என்று வகுத்தது. விலைவாசி ஏறியதற்கு ஏற்றபடி அந்தத் தொகையும் ஏற வேண்டும். 2023-இல் ரேஷனில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு கொடுக்கும் திட்டத்துக்கு நீலகிரியோடு தருமபுரியைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். அந்தக் கேழ்வரகு பால்வாடி அடுப்புக்கும் வரட்டும். தண்ணீரையும் மறக்கக் கூடாது. ஃப்ளோரைடு பாதித்த நம் மாவட்டத்துக்கும் கிருஷ்ணகிரிக்கும் என்றே 1,928 கோடி ரூபாயில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. ஒவ்வொரு அங்கன்வாடியிலும் பிள்ளை குடிப்பது அந்தக் காவிரித் தண்ணீரா, இன்னும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரா என்று ஊர்வாரியாகச் சோதித்து, முடிவை மையத்தின் வாசலிலேயே எழுதிவைக்க வேண்டும்.

ஊரும் சும்மா இருக்கக் கூடாது. ஒவ்வோர் அங்கன்வாடிக்கும் வார்டு உறுப்பினர் தலைமையில் ஒரு கண்காணிப்புக் குழு இருக்க வேண்டும் என்பது 2011-ஆம் ஆண்டு வழிகாட்டுதல். 2025 ஜனவரி 5-இல் ஊராட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் முடிந்து நிர்வாகம் தனி அலுவலர்களிடம் போனதும், பெயரளவுக்கு இருந்த அந்தக் குழுவும் தலையில்லாமல் போனது. ஆனால் தாய்மார்கள் கூட எந்த உத்தரவும் தேவையில்லை. வாரம் ஒருமுறை, பிள்ளையைக் கூட்டிவரப் போகும்போது, இந்த வாரம் என்ன கதை, என்ன பாட்டு என்று டீச்சரிடம் கேட்கலாம். குற்றம் பிடிக்கக் கேட்கக் கூடாது. டீச்சருக்குத் துணையாகக் கேட்க வேண்டும். நடக்கவில்லை என்றால் ஏன் நடக்கவில்லை என்று அவரே சொல்வார், அந்தக் காரணத்தை மனுவாக எழுதலாம்.

கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. இரண்டாவது டீச்சர் வேண்டும் என்றும், குறு மையத்துக்கு ஆயா வேண்டும் என்றும் அதில் தீர்மானம் போட வேண்டும். அங்கன்வாடியே இல்லாத ஊர்களுக்கு இன்னும் வலுவான பிடி ஒன்று உண்டு. ஆறு வயதுக்குட்பட்ட 40 குழந்தைகள் இருந்தும் மையம் இல்லாத ஊர் மக்கள் கேட்டால், கேட்ட நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் மையம் திறக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2006 டிசம்பர் 13 அன்று உத்தரவிட்டிருக்கிறது. குழந்தைகளின் பட்டியலோடு மனுவை எழுதி, திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடம் ஒன்றும், குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலகத்தில் ஒன்றுமாகக் கொடுங்கள். நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் தேதியும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மூன்று மாதக் கெடு அந்தத் தேதியிலிருந்துதான் ஓடத் தொடங்கும்.