500 வாட் என்றால் 500 வாட்தானா?

கம்ப்யூட்டரைத் தாமே கூட்டிச் சேர்க்கும் இளைஞர்கள், பிராசசருக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் தாராளமாகச் செலவு செய்கிறார்கள். "பவர் சப்ளை" வாங்கும்போதுதான் கை சுருங்குகிறது! இது தவறான சிக்கனம்.

பெட்டியின் மேல் "500 வாட்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். அதை நம்பிவிடக் கூடாது. பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படிக்க வேண்டும். பிராசசரும் கார்டும் பெரும்பாலும் 12 வோல்ட் மின்சாரத்தில்தான் ஓடுகின்றன. அந்த 12-ஐ, அதற்கு நேரே உள்ள ஆம்பியரால் பெருக்கிப் பாருங்கள். 25 ஆம்பியர் என்றால் 300 வாட்தான்! மீதி 200 எங்கே?

ஆர்.டி.எக்ஸ். 4070 கார்டு மட்டுமே 200 வாட் வரை இழுக்கும். அதனால்தான் அதற்கு 650 வாட் பவர் சப்ளை வேண்டும் என்கிறது, அதைத் தயாரிக்கும் என்விடியா.

மட்டச் சரக்கு கெட்டால், மற்ற உறுப்புகளையும் கெடுத்துவிடலாம். ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய், பல ஆயிரத்தைப் பறிகொடுப்பானேன்?