உம்மாவைப் பார்க்க வரும் நாள்களும் குடியுரிமைக் கணக்கும்

அதிராம்பட்டினம், கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை என நம் தஞ்சைப் பகுதி ஊர்களில் சபுராளி இல்லாத வீடு அரிது. மலாயாவுக்கும் வளைகுடாவுக்கும் சென்ற நம்மவர்களின் பிள்ளைகள் சிலர் இன்று பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் குடியேறி வருகின்றனர். "குடியுரிமை கிடைக்கும்வரை ஊருக்குப் போகக் கூடாது" என்றோர் அச்சம் அவர்களிடையே உலவுகிறது. அதனால் உம்மாவின் நோய்ப்படுக்கைக்கும் வாப்பாவின் ஜனாஸாவுக்கும் வராதிருந்தோர் உண்டு.

சட்டம் அவ்வளவு கடுமையானதன்று. பிரிட்டனின் பொதுவிதி, விண்ணப்பத்திற்கு முந்தைய 5 ஆண்டுகளில் 450 நாள்களும், அவற்றுள் கடைசி 12 மாதங்களில் 90 நாள்களும் வெளிநாட்டில் இருக்க இடமளிக்கிறது. அமெரிக்காவிலோ 5 ஆண்டுகளில் குறைந்தது 30 மாதங்கள் அங்கே இருந்திருக்க வேண்டும். ஒரே பயணம் 6 மாதங்களைத் தாண்டினால் தொடர் வசிப்பு குறித்துக் கேள்வி எழும். ஆண்டுதோறும் ஒரு மாதம் ஊரில் தங்குவது இவ்விரண்டுக்கும் தடையன்று.

ஆகவே செவிவழிச் செய்தியை நம்பாது, பயணத் தேதிகளைக் குறித்து வையுங்கள். உடன்பிறந்தோர் முறைவைத்து வாருங்கள். விண்ணப்பத்தில் ஒரு நாளையும் மறைக்காதீர்கள். நாம் இடும் கையொப்பம் ஒரு சாட்சியம், பொய்ச்சாட்சியமோ பெரும்பாவம்.

நாள்கள் உண்மையிலேயே மிகுந்துவிட்டால் விண்ணப்பத்தைச் சற்றுத் தள்ளிவைக்கலாம். பெற்றோரின் இறுதி நாள்களைத் தள்ளிவைக்க நம்மால் இயலாது. அவர்களுக்குப் பணிவிடை செய்யும் நற்பேற்றை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக!