வளைகுடாவின் சேற்றுத்தரையும் வலசைப் பறவைகளும்

ஆர்க்டிக் கோடை முடிந்து சைபீரியச் சமவெளியில் குளிர் இறங்கத் தொடங்கும் வேளையில், கையளவு உடலுடைய உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் தெற்கு நோக்கிப் புறப்படுகின்றன. மத்திய ஆசியப் பாலைகளையும் ஈரானிய மலைகளையும் கடந்து வரும் அவற்றுள் பெருந்தொகையானவை ஆண்டுதோறும் ஓகஸ்ட் முதல் ஒக்டோபர் வரை வளைகுடாக் கரைகளில் இறங்குகின்றன. குவைத்தின் புபியான் தீவு, சவூதி அரேபியாவின் ஜுபைல் கரை, அபுதாபியின் தீவுகள், உம் அல் குவைனின் கோர் அல் பெய்தா, டுபாய் நகரின் நடுவே பெருவீதிகள் சூழக் கிடக்கும் ராஸ் அல் கோர் ஆகியன அவற்றின் தங்குமிடங்கள். அப்பால் ஓமானின் பார் அல் ஹிக்மான் சேற்றுவெளியில் மாத்திரம் மாரிக் காலத்தில் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட கரைப்பறவைகள் கூடுகின்றன. சில அங்கேயே மாரியைக் கழிக்கும். வேறு சில, சில வாரங்கள் உண்டு கொழுத்தபின் கிழக்கு ஆபிரிக்கா நோக்கிச் செல்லும்.

நாட்டு நடப்பும் அகதி வழக்குகளும் குவிந்து கிடக்கையில் பறவைகளைப் பற்றி ஆசிரியத் தலையங்கமா என்று கேட்போர் இருக்கக்கூடும். எம் வாசகர்களுள் பலருக்கு வளைகுடா என்பது விமானம் மாறக் காத்திருந்த ஒரு மண்டபம். வேறு பலருக்கு அக்காவோ தங்கையோ வீட்டு வேலைக்குச் சென்று பணம் அனுப்பிய நாடு. அந்நாடுகளின் கரையோரத்தில் நடப்பதை அறிந்துகொள்வது எமக்கு அந்நியமான செய்தியாகாது என்றே கருதுகிறோம்.

எமது மேடைகளிலும் கவியரங்குகளிலும் பறவைக்கு எல்லையில்லை, கடவுச்சீட்டில்லை என்று பாடிப் பாடிச் சலித்துவிட்டோம். ஆறுதலான கற்பனைதான், ஆயினும் உண்மைக்குப் புறம்பானது. வலசை போகும் கரைப்பறவையைப் போல் இடத்துக்குக் கட்டுப்பட்ட உயிர்கள் அரிது. கடலலையும் கரையும் சந்திக்கும் ஒடுங்கிய சேற்றுப் பட்டையில், வற்று நேரத்தில் மாத்திரமே அதற்கு உணவுண்டு. அப்பட்டை அழிந்தால் பக்கத்திலுள்ள பாலையோ ஆழ்கடலோ அதற்கு ஈடாகாது.

இப்பயணத்துக்கு அதன் உடல் தயாராகும் விதத்தை நோக்குவோம். புறப்படுவதற்கு முந்திய வாரங்களில் இவ்வினங்கள் சில தம் எடையை ஏறத்தாழ இரு மடங்காக்கிக்கொள்கின்றன. சேர்வது பெரும்பாலும் கொழுப்பு. அதன்பின் இரைப்பை, குடல், ஈரல் ஆகியன சுருங்குகின்றன; நெஞ்சுத் தசையும் இதயமும் பருக்கின்றன. பறக்கையில் உதவாத பாரத்தை உடலே குறைத்துக்கொள்கிறது. 2022 ஒக்டோபரில் அலாஸ்காவில் செய்மதிக் கருவி பொருத்தப்பட்ட ஐந்து மாத வயதுடைய பட்டைவால் மூக்கன் ஒன்று, எங்கும் இறங்காமல் 11 நாட்களில் சுமார் 13,560 கிலோமீற்றர் பறந்து அவுஸ்திரேலியாவின் தாஸ்மேனியாவை அடைந்தது. அதே இனத்தின் சைபீரியக் கிளையொன்றே ஓமான் கரையில் மாரியைக் கழிக்கிறது.

பறத்தலின் வியப்பு செய்தியாகிவிடுகிறது. இறங்கியபின் நிகழ்வதை எவரும் பேசுவதில்லை. சுருங்கிய குடலுடன் வந்திறங்கும் பறவை உடனே நிறைய உண்ண இயலாதது. செரிமான உறுப்புகள் மீண்டும் வளரும் வரை முதற் சில நாட்கள் அதன் வாழ்வு நூலிழையில் தொங்குகிறது. வளைகுடாவோ இலகுவான இடமன்று. சராசரி ஆழம் ஏறத்தாழ 35 மீற்றர் மாத்திரமேயுள்ள கடல் அது, கோடையில் வெந்நீராகிறது, உப்பும் பெருங்கடலை விட மிகுதி. உண்ணும் புழுவோடும் சிறு நண்டோடும் சேர்ந்து உட்செல்லும் உப்பை, கண்களுக்கு மேலுள்ள சுரப்பிகள் வடித்து அலகு வழியாக வெளியேற்ற வேண்டும். வற்று இரவில் வந்தால் இரவிலும் மேய வேண்டும். பெருக்கு வந்ததும் ஈரம் படாத மேட்டில் நெருங்கி நின்று இளைப்பாற வேண்டும். அந்நேரத்தில் மோட்டார்ப் படகு ஒன்றோ மணல் வண்டி ஒன்றோ கூட்டத்தை எழுப்பிவிட்டால், பயணத்துக்கெனச் சேமித்த கொழுப்பே வீணாகக் கரைகிறது. ஒரு நாளில் பலமுறை எழுப்பப்படும் பறவை அடுத்த கட்டத்தைக் கடப்பது ஐயத்துக்குரியது.

எம் மனத்தை அதிகம் தொட்டது இளம் பறவைகளின் நிலை. வளைந்த அலகுடைய ஆர்க்டிக் உள்ளான் இனத்தில் ஆண்கள் முதலிலும் பெண்கள் அடுத்தும் புறப்பட்டுவிடுகின்றன. குஞ்சுகள் பல வாரங்கள் கழித்து, வழிகாட்டும் மூத்தோர் இன்றித் தாமே கிளம்புகின்றன. தாம் ஒருபோதும் கண்டிராத கரைக்கு, பிறப்பிலேயே பெற்ற திசையறிவைத் துணைகொண்டு வந்து சேர்கின்றன. மறு இளவேனிலில் மூத்தவை வடக்கே திரும்புகையில் இவற்றுள் பல திரும்புவதில்லை. முதலாண்டில் இனப்பெருக்கம் இல்லை என்பதால், மனிதர் குளிரூட்டிய அறையை விட்டு வெளிவராத அந்த யூன், யூலை வெயிலிலும் வெறும் சேற்றில் நின்று பிழைத்துக்கொள்கின்றன.

இதற்கு நேர்மாறானது வெள்ளையும் கறுப்புமான நண்டுண்ணிப் பறவை. ஐக்கிய அரபு இராச்சியத்தின் மிகப் பெரிய தீவான அபு அல் அப்யட்டிலும் குவைத்தின் புபியானிலும் கோடை வெப்பத்திலேயே மணலில் வளை தோண்டிக் குடியிருப்பு அமைக்கிறது. கரைப்பறவைகளுள் இவ்வாறு தானே வளை தோண்டிக் கூடமைப்பது இது ஒன்றே. இடுவது பெரும்பாலும் ஒரேயொரு வெள்ளை முட்டை. மணலின் வெம்மையே அடைகாப்பில் பெரும் பங்கு கொள்கிறது. குஞ்சு பறக்கக் கற்றபின்னும் பெற்றோர் அதனைக் கைவிடுவதில்லை. மாரிக்குச் செல்லும் தொலைவிடத்திலும் மாதக்கணக்காக நண்டு பிடித்து ஊட்டுகின்றன. ஆண்டுக்கு ஒரு குஞ்சு என்னும் இனத்தில், ஒரு குடியிருப்பு குலைந்தால் அவ்விழப்பை ஈடுசெய்ய நெடுங்காலம் செல்லும்.

இக்கரைகள் நொறுங்கத்தக்கவை என்பதை 1991 காட்டிற்று. 1990 ஓகஸ்டில் குவைத் ஆக்கிரமிக்கப்பட்டபோது கையிற் பையுடன் பாலைவழியே தப்பி ஓடியோருள் எம் நாட்டுப் பெண்களும் இருந்தனர். மறு ஆண்டு ஜனவரியில் கடலிற் கலந்த எண்ணெய் சவூதிக் கரையில் சுமார் 700 கிலோமீற்றர் நீளத்துக்குப் படிந்தது. முப்பதினாயிரத்துக்கும் மேற்பட்ட கடற்பறவைகள் மடிந்தன என மதிப்பிடப்பட்டது. வடக்கே திரும்பும் வழியில் அந்த இளவேனிலில் அங்கு மேய வேண்டிய கரைப்பறவைகள் கரிய சேற்றிலிருந்து ஏறத்தாழ மறைந்தே போயின. நண்டு வளைகளுள் இறங்கிய எண்ணெய் பத்தாண்டு கழிந்தும் அகலவில்லை.

போர் செய்த அழிவு கண்ணுக்குத் தெரிந்தது. அமைதிக் காலத்து அழிவு அவ்வாறன்று. துறைமுகங்கள், வீட்டுமனைகள், உல்லாச விடுதிகள் என ஐம்பது ஆண்டுகளாகச் சேற்றுநிலம் நிரப்பப்பட்டு வருகிறது. அவ்வேலைத்தலங்களில் உழைத்தோருள் இலங்கையரும் இந்தியத் தமிழரும் உண்டு. கூலிக்குச் சென்றவரை அதற்காகக் குறைகூறுவது நீதியாகாது. ஈரநிலங்களுக்கான சாசனம் 1971இல் ஈரானின் ராம்சார் நகரில் உருவானது. வளைகுடா அரசுகளுள் பல அதில் இணைந்துள்ளன. (1951ஆம் ஆண்டின் அகதிகள் சாசனத்தில் வளைகுடா ஒத்துழைப்புச் சபையின் ஆறு அரசுகளுள் ஒன்றுகூட இணையவில்லை என்பதையும் இங்கு குறித்துவைப்போம்.) ஆயினும் கைச்சாத்து மாத்திரம் காப்பாகாது. பஹ்ரேனின் தூப்லி விரிகுடா 1997இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. நிரப்புவோரின் கையில் அது பெரிதும் சுருங்கிவிட்டது.

நல்லெண்ணத்தோடு செய்யப்படும் தீங்கும் உண்டு. 2030க்குள் பத்துக் கோடி கண்டல் மரங்களை நடுவதாக ஐக்கிய அரபு இராச்சியம் 2021இல் அறிவித்தது. கண்டல் நல்ல மரம்; அழிந்த கண்டற்காடு மீள வளர்வதை நாமும் வரவேற்கிறோம். ஆனால் மரமற்ற சேற்றுவெளியை வெற்றுநிலம் என்று எண்ணி அதன்மேல் நாற்று நடுவது வேறு. மேய்கையில் வல்லூறு வருவதைத் தொலைவிலேயே காண வேண்டிய உள்ளான் மரங்களுக்கிடையே இறங்காது. ராஸ் அல் கோர் 2007இல் அந்நாட்டின் முதல் ராம்சார் தலமாயிற்று. அங்கு செல்வோர் பூநாரைகளைப் படம்பிடித்துத் திரும்புகின்றனர். சேற்றின் நிறத்திலேயே நிற்கும் சிறு பறவைகள் அவர்கள் கண்ணிற் படுவதில்லை. கண்ணிற் படாதது திட்ட வரைபடத்திலும் இடம்பெறாது. நடுகைக்கு நிலம் தெரியும் அதிகாரிகள் முதலில் அச்சேற்றில் மேய்வோரை ஒரு மாரி முழுவதும் எண்ணிப் பார்க்கட்டும். மேய்வோர் உள்ள இடத்தில் நடாதிருக்கட்டும். இதற்குப் பெருஞ்செலவு எதுவும் இல்லை.

காலம் தாழ்த்த இடமில்லை. 2024 ஒக்டோபரில் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 16 வகைக் கரைப்பறவைகளை முன்னரிலும் கூடிய ஆபத்துப் பிரிவுகளுக்கு மாற்றியது. மேலே கூறிய வளைந்த அலகு உள்ளானும் அவற்றுள் ஒன்று. ஓராண்டின் பின், 2025 ஒக்டோபரில், சிற்றலகுக் கோட்டான் முற்றாக அற்றுவிட்டதென அதே ஒன்றியம் அறிவித்தது. மறுக்கவியலாத சான்றுடன் அது இறுதியாகக் காணப்பட்டது 1995இல், மொறோக்கோவில். அதன் கூடு இருந்த இடத்தைக்கூட உலகம் சரிவர அறியுமுன்னரே அது போய்விட்டது.

வளைகுடாவில் மாரியைக் கழிக்கும் இதே இனங்களுட் பல மன்னாரிலும் யாழ்ப்பாணத்துப் பரவைக்கடலிலும் இறங்குகின்றன. மன்னாரின் வங்காலை 2010இல் ராம்சார் தலமாயிற்று. மன்னார்த் தீவில் 2020 டிசெம்பரில் 30 காற்றாடிகள் கொண்ட மின்நிலையம் திறக்கப்பட்டது. 2025 பெப்ரவரியில் அதானி நிறுவனம் தன் திட்டத்திலிருந்து விலகியபின்னும் புதிய காற்றாடிகள் பற்றிய பேச்சு ஓயவில்லை. அவ்வாண்டில் மன்னார் மக்கள் அவற்றுக்கு எதிராக வீதிக்கு வந்தனர். வெள்ளம் வடியும் வழியும் மீன்பிடிக் கரையுமே அவர்களின் முதற் கவலை. பறவைகள் இறங்கும் சேறும் அதே கரையிலேதான் இருக்கிறது. புலம்பெயர்ந்த நாடுகளிலிருந்து ஊருக்கு முதலீடு கொண்டுசெல்லும் எம்மவர், கரையோரக் காணியை 'வெறுங்காணி' என்று எழுதிவரும் விற்பனைப் பத்திரத்தில் கையெழுத்திடுமுன், வற்று நேரத்தில் ஒருமுறை அங்கே சென்று பார்த்துவருவார்களாக.