காதுக்கும் ஒரு வாரக் கணக்கு

எங்கள் மூத்த பிள்ளை பாட்டுப் பாடிச் சம்பாதிக்கிறான். சபா கச்சேரி இல்லை, சகோதரிகளே. தோளில் கிடாரை மாட்டிக்கொண்டு, தனி ஆளாக, பாரில் பாடுகிறான். போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் பெரியம்மா ஒருத்தர், "இவ்ளோ படிக்க வச்சியே, போயும் போயும் பாரிலயா?" என்று எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி கேட்டார். "குடிக்கப் போகலை பெரியம்மா, பாடப் போறான்" என்று சொல்லிவிட்டு ரசத்தைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.

உப்பளத்தில் எங்கள் வீட்டிலிருந்து சுப்பையா சாலையைத் தாண்டினால் பிரெஞ்சுக்காரர் காலத்து வீதிகள்தான். வெள்ளி, சனி, ஞாயிறு வந்தால் வெளியூர்க் கூட்டம் அங்கே அலைமோதும். ஒரு நாளைக்கு ஒரு இடம், மூன்று மணி நேரம் பாட்டு. திங்கள் முதல் வியாழன் வரை வீட்டில் இருப்பான் என்று பெயர். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கேட்டவர்களுக்குப் பாட வேண்டிய பாட்டுகளை ராத்திரி பன்னிரண்டு வரை கேட்டுக்கொண்டிருப்பான். தமிழ் ஒன்று, இங்கிலீஷ் ஒன்று, நடுவில் யாராவது பிரெஞ்சுப் பாட்டும் கேட்பார்களாம்.

ஒரு ஞாயிறு ராத்திரி தோசை ஊற்றிக்கொண்டே "சட்னி போதுமா?" என்றேன். "என்னா?" என்றான். மறுபடி கேட்டேன். மறுபடியும் "என்னா?" பிறகு தானாகவே சொன்னான்: "காதுல ஙொய்ய்னு ஒரு சத்தம்மா. பாடிட்டு வந்தா இப்படித்தான் இருக்கும். காலைல போயிடும்."

இந்தத் தடவை காலையில் போகவில்லை. செவ்வாய்க்கிழமையும் போகவில்லை. காது டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். கண்ணாடி அறையில் உட்கார வைத்து, சன்னமான ஒலிகளைக் கேட்க வைத்துப் பார்த்தார்கள். வரைபடத்தில் 4000 ஹெர்ட்ஸ் என்கிற இடத்தில் கோடு ஒரு பள்ளம் மாதிரி இறங்கியிருந்தது. பெரும் சத்தத்தால் வரும் கேடு முதலில் அந்தப் பக்கத்தில்தான் தெரியுமாம். உள்காதில் மயிரிழை போன்ற செல்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. பிறக்கும்போது இருப்பவைதான், அழிந்தால் மனிதருக்கு மறுபடி முளைப்பதில்லை. காலையில் இரைச்சல் அடங்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிட்டது என்றும் அர்த்தமில்லையாம்.

வீட்டுக்கு வந்ததும் இவர், "நாளையிலேர்ந்து பாட்டும் வேணாம், ஒண்ணும் வேணாம்" என்று சத்தம் போட்டார். பிள்ளை பேசவே இல்லை. கிடாரை உறைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தான் பாருங்கள், அந்தச் சத்தம் எனக்கு என்னவோ செய்தது. அவனுக்குத் தெரிந்த தொழில் அது. வீட்டுக் கரண்டு பில்லைக் கட்டுவதும் அதுதான்.

பால் கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். உலக சுகாதார நிறுவனம் காதுக்கு வாரக் கணக்குதான் வைத்திருக்கிறது: பெரியவர்களுக்கு 80 டெசிபல் சத்தம் வாரத்துக்கு 40 மணி நேரம். சத்தம் 3 டெசிபல் ஏறினால் நேரம் பாதியாகக் குறைய வேண்டும். 83-க்கு 20 மணி, 86-க்கு 10, 89-க்கு 5, 92-க்கு இரண்டரை, 95-க்கு ஒன்றேகால் மணி. அந்த வெள்ளிக்கிழமை அவன் நிற்கிற இடத்தில் செல்போனை வைத்து அளந்தான். 95 பக்கம் காட்டியது. போன் காட்டுவது துல்லியம் இல்லைதான். ஆனாலும் ஒன்றேகால் மணி வரவுக்கு ஒன்பது மணி செலவு! ஹெட்போன் கணக்கு தனி. எந்தக் குடும்பம் இப்படித் தாங்கும்?

பாட்டை நிறுத்தாமலே செலவைக் குறைக்க வழி இருந்தது. ஸ்பீக்கர் அவன் முதுகுக்குப் பின்னால், காதுக்கு நேராக இருந்தது. அதை முன்னால், கூட்டத்தைப் பார்த்து நகர்த்தினான். இசைக்காரர்களுக்கென்றே காதடைப்பான் விற்கிறது. பாட்டின் இனிமையைக் கெடுக்காமல் எல்லாச் சுருதியையும் ஒரே சீராகக் குறைக்கும். 15 டெசிபல் குறைப்பதை வாங்கினான். சரியாகப் பொருந்தினால் 95 என்பது 80 ஆகிவிடும். (நான் முதலில் பஞ்சு வைத்துக்கொள்ளச் சொன்னேன். பஞ்சு அவ்வளவாகத் தடுக்காதாம், சிரித்தான்.) பாதிக் கச்சேரியில் பத்து நிமிஷம் வெளியே வந்து கடற்கரைப் பக்கம் நிற்கிறான். ஹெட்போனில் ஒலியைப் பாதிக்குக் கொஞ்சம் மேலே போக விடுவதில்லை.

இங்கிலாந்தின் 'தி ஹூ' குழுவில் கிடார் வாசித்த பீட் டவுன்ஷெண்ட், தன் காது கெட்டதற்கு மேடையைவிட, பாட்டுப் பதிவு செய்கையில் மாட்டிய ஹெட்போனைத்தான் குற்றம் சொன்னார். என் பிள்ளை சொல்லித்தான் எனக்கே தெரியும். நான் சொன்ன எதையும்விட அதுதான் அவனுக்கு உறைத்தது.

கைக்குழந்தை, பள்ளிப் பிள்ளை வைத்திருக்கும் தாய்மார்களுக்கு ஒன்று. பிள்ளைகளுக்கு அளவு இன்னும் குறைவு, 75 டெசிபலில் 40 மணி. சாப்பிட வைக்கப் போனையும் இயர்போனையும் கொடுக்கிறோமே, ஒலி எவ்வளவு என்று நம் காதில் வைத்து ஒரு தடவை பாருங்கள். கோயில் திருவிழாவில் ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நிற்காதீர்கள். காதில் எண்ணெயும் வேண்டாம், ஹேர்பின்னும் வேண்டாம். யாருக்காவது திடீரென்று ஒரு காது கேட்காமல் போனால் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். நாளாக நாளாக வைத்தியம் பலிப்பது குறையும்.

இரைச்சல் இப்போது குறைந்திருக்கிறது, முழுக்கப் போகவில்லை. ஆறு மாதத்தில் மறுபடி சோதனை. அதுவரை பால் கணக்கு நோட்டில், பாலுக்கு எதிர்ப்பக்கம் அவன் கணக்கையும் எழுதி வருகிறேன். போன சனிக்கிழமை காதடைப்பானை மேஜை மேலேயே மறந்துவிட்டுப் போய்விட்டான். இவர்தான், பாட்டே வேண்டாம் என்றவர், செருப்பை மாட்டிக்கொண்டு எடுத்துப் போனார். திரும்பி வரப் பத்தரை ஆகிவிட்டது.