கூட்டுக்குள் முதிர்ந்த நெல்

பெரும்பாணாற்றுப்படையில் வரும் நெற்கூட்டுக்குக் 'குதிர்' என்று பொருள் சொல்லி அடுத்த அடிக்கு நகர்ந்துவிடுவது வகுப்பறை வழக்கம். ஏணிக்கும் எட்டாத உயரம், உச்சியைத் திறந்து நிரப்பும் அமைப்பு, உள்ளே பழைய தானியம் என்று புலவர் விவரம் தருகிறார். அந்தத் தானியம் எப்படிப் பழையதாக முடிந்தது? நம் வெப்பத்தில் அரிசி வண்டு ஏறக்குறைய ஒரு மாதத்தில் முட்டையிலிருந்து வண்டாகிவிடும். (1763இல் லின்னேயஸ் அதற்குச் சூட்டிய பெயரிலும் 'அரிசி' இருக்கிறது.)

மரபு என்றதும் வேப்பிலையையும் நொச்சித்தழையையும் மட்டும் பேசுவது இன்று ஒரு மோஸ்தராகிவிட்டது. அவற்றுக்குப் பூச்சியை விரட்டும் தன்மை உண்டு, மறுப்பதற்கில்லை. ஆயினும் அவை துணைப்படைதான். முதல் வேலை வெயிலுடையது. நெல்லின் ஈரம் 12 விழுக்காட்டுக்கும் பயறின் ஈரம் 10 விழுக்காட்டுக்கும் இறங்கினால் பூச்சியின் பெருக்கம் தளரும். கடித்தால் 'டக்'கென்று ஒடிய வேண்டும் என்று கிழவிகள் வைத்த அளவுகோல் இதுவே.

துவரையைச் செம்மண் குழம்பில் புரட்டிக் காயவைப்பதைச் சடங்கென்று எண்ணுவோர் உண்டு. பயறு வண்டு தன் முட்டைகளைப் பயறின் தோல்மீது ஒட்டிவைக்கிறது. பொரிந்த புழு அங்கிருந்தே உள்ளே துளைக்கிறது. மண்பூச்சு அந்தத் தோலையே மறைத்துவிடுகிறது. நுண்ணிய மண்ணும் சாம்பலும் வண்டின் மேல்தோல் மெழுகைச் சுரண்ட, உடல்நீர் வற்றி அது மடிகிறது. நஞ்சு ஏதும் இல்லாத கொலை!

குதிரின் வாயை மண்ணும் சாணமும் குழைத்துப் பூசியதும் காற்றை அடைக்கத்தான். 1980களின் இறுதியில் காமரூனில் தட்டைப்பயற்றுக்காகத் தொடங்கிய பர்டியூ பல்கலைக்கழக ஆய்வில் பிறந்த மூவடுக்குப் பையின் நெறியும் அதுவே: உள்ளிருக்கும் பூச்சிகளே உயிர்வளியைத் தீர்த்துவிட்டுச் செயலற்றுப் போகின்றன. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் துளையிட்ட குழாய்ப்பொறி இன்னும் எளியது. தானியத்துக்குள் செருகினால், காற்றை நாடி ஊரும் வண்டுகள் துளைவழியே விழுந்து அடியில் அகப்படும்.

மண்குதிருக்கே திரும்புவோம் என்று நான் வாதிடவில்லை. அதற்கு எலி ஒரு தீராத பகை. ஆனால் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை வீட்டு மூட்டைக்குள் போடுவதை ஏற்க இயலாது. அதன் புகைக்கு மாற்று மருந்து இல்லை. பயிற்சி பெற்றோர் மட்டுமே கையாள வேண்டிய பொருள் அது. பூச்சிகளோ அதைத் தாங்கவும் பழகிவருகின்றன.

தமிழ்த்துறைகள் செய்யக்கூடிய பணி ஒன்று உண்டு. குலுக்கை மண்ணால் ஆனது, பத்தாயம் மரத்தால் ஆனது. ஒவ்வொன்றுக்கும் காயவைக்கும் பதம் வேறு, வாய் மூடும் முறை வேறு. அந்த வினைச்சொற்கள் இன்னும் எழுபது வயதுப் பெண்களின் நாவில் இருக்கின்றன. அடுத்த களஆய்வுக்கு மாணவர்களை அவர்களிடம் அனுப்பலாம்.